கிரீன் கார்டு குடியுரிமை ஆகாது: அமெரிக்காவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பலர் மாட்டிக்கொள்ளும் இடம் டிரைவிங் லைசென்ஸ் அலுவலகம். கிரீன் கார்டோடு லைசென்ஸ் புதுப்பிக்கப் போகிறீர்கள். கவுன்ட்டரில் இருப்பவர் திரையைப் பார்த்தபடியே, "வாக்காளராகவும் பதிவு செய்யவா?" என்கிறார். பெரும்பாலான மாநிலங்களில் 1993-ஆம் ஆண்டுச் சட்டப்படி லைசென்ஸ் விண்ணப்பத்தோடே அந்தப் படிவமும் வரும். பின்னால் வரிசை நீள்கிறது. தலையாட்டிவிட்டு, 'நீங்கள் அமெரிக்கக் குடிமகனா?' என்ற கட்டத்தில் டிக் அடித்தால் போச்சு. குடிமகன் என்று பொய் சொன்ன கணக்கில் சேர்ந்துவிடும். நாடு கடத்தும் வரை போகலாம். ஓட்டும் போட்டுவிட்டால் இன்னும் சிக்கல். மேரிலாந்தில் டகோமா பார்க் போன்ற சில ஊர்களில் குடிமக்கள் அல்லாதவரும் வாக்களிக்கலாம்தான். ஆனால் அது அந்த ஊர்த் தேர்தலோடு சரி.

அடுத்தது ஜூரி கடிதம், அதாவது வழக்கைக் கேட்டு முடிவு சொல்லும் பொதுமக்கள் குழுவில் உட்கார நீதிமன்றம் அனுப்பும் அழைப்பு. பல இடங்களில் லைசென்ஸ் பட்டியலிலிருந்தும் பெயர் எடுப்பதால் கிரீன் கார்டுக்காரருக்கும் வரும். குப்பையில் போடாதீர்கள், 'குடிமகன் அல்ல' என்று குறித்து அனுப்பினால் முடிந்தது. குடிமக்களுக்கு அந்த வழி இல்லை. கூட்டாட்சி நீதிமன்றத்தில் ஒரு நாளைக்கு 50 டாலர்தான் கிடைக்கும்; போகாமல் இருந்தால் 1,000 டாலர் வரை அபராதம். ஜூரிக்குப் போனதற்காக வேலையை விட்டு நீக்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது, பயப்பட வேண்டாம்.

அமெரிக்கக் குடியுரிமை உறுதிமொழி எடுத்த அன்றே வாக்காளர் ஆகிவிட்டதாகச் சிலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் நாமே பதிவு செய்ய வேண்டும். இந்தியர்களுக்கு இன்னொன்று: அன்றோடு இந்தியக் குடியுரிமை போய்விடுகிறது. பழைய பாஸ்போர்ட்டை ஒப்படைக்க வேண்டும். அதில் இன்னும் ஒரே ஒரு பயணம் என்பதெல்லாம் கூடாது.

வரி விஷயத்தில் தவறு நேர் எதிர்த் திசையில் நடக்கிறது. 'குடியுரிமை வாங்கிய பிறகுதானே' என்று காத்திருக்கிறார்கள். வெளிநாட்டு வங்கிக் கணக்குகளைத் தெரிவிக்கும் கடமை கிரீன் கார்டுக்காரருக்கும் உண்டு. ஊரில் ஒரு கணக்கில் 6,000 டாலர் மதிப்புக்குப் பணம், அம்மாவோடு சேர்ந்த கூட்டுக் கணக்கில் 5,000 என்று வையுங்கள். கூட்டினால் 10,000-ஐத் தாண்டுகிறது. வருடத்தில் ஒரு நாள் தாண்டினாலும் போதும், இரண்டையும் காட்டியாக வேண்டும். என்ஆர்இ (வெளிநாடு வாழ் இந்தியர் இந்தியாவில் வைக்கும் வங்கிக் கணக்கு) வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை, அமெரிக்காவில் உண்டு. அப்புறம், ஓய்வு பெற்று மதுரையில் வந்து உட்கார்ந்தாலும், வருமானம் வரம்பைத் தாண்டினால் அமெரிக்கக் குடிமகன் அமெரிக்காவுக்கு வருடா வருடம் வரிக் கணக்குக் கொடுக்க வேண்டும்.