அட்டாலியில் கிடைத்த ரண வைத்திய ஏட்டைப் படிப்பது எப்படி

கொங்கு நாட்டில் பழைய தொட்டிக்கட்டு வீட்டைப் பிரிக்கும்போது அட்டாலியிலிருந்து (பரணிலிருந்து) ஓலைக்கட்டு கிடைப்பது இன்றைக்கும் உண்டு. அதில் கீறல், காரம் (அரிக்கும் மருந்து), சுட்டிகை (சூடு போடுதல்), சலாகை (புண்ணுக்குள் விடும் கோல்), அட்டைவிடல் என்ற சொற்கள் தென்பட்டால் அது புறமருத்துவ ஏடு, அதாவது புண்ணுக்கு வெளியே மருந்திடும் ரண வைத்திய ஏடு. சித்தர்கள் வகுத்த 32 புறமருந்துகளில் இவையெல்லாம் அடக்கம். அறுவையும் அவற்றில் ஒன்றே.

கயிற்றை உருவாதீர்கள், துளையோரம் கிழிந்துவிடும், வெட்டி எடுங்கள். ஏடுகள் வரிசை தப்பியிருந்தாலும், இருக்கும்படியே முதலில் படம் எடுத்துவிடுங்கள். மென்மையான தூரிகையால் நீளவாக்கில் தூசி தட்டினால் போதும். ஒட்டிக்கொண்ட ஏடுகளைக் கத்தியால் பிரித்தால் எழுத்தோடு மேல்தோலும் உரிந்து வரும். அவற்றை அப்படியே தஞ்சை சரசுவதி மகால் போன்ற சுவடி நூலகத்தாரிடம் காட்டுங்கள்.

கீறிய எழுத்து மங்கியிருந்தால், விளக்குக் கரியில் சில சொட்டு எலுமிச்சைப்புல் எண்ணெய் விட்டுக் குழைத்து, பஞ்சால் ஏட்டின் மேல் தடவி உடனே துடைத்தெடுங்கள். கரி கீறலுக்குள் மட்டும் தங்கும். பொடிந்து உதிரும் ஏட்டில் இதைச் செய்யவே கூடாது.

படிக்கும்போது பாட்டின் பொருளைத் தேடுவதற்கு முன் எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். வைத்திய ஏட்டில் உயிர் எண்ணில்தான் இருக்கிறது. ௧ என்பது க போலவும், ௨ என்பது உ போலவும், ௮ என்பது அ போலவும் இருக்கும். ௰ என்பது பத்து. அது இன்னோர் எண்ணுக்கு முன்னால் வந்தால் கூட்ட வேண்டும், பின்னால் வந்தால் பெருக்க வேண்டும்: ௰௨ என்றால் 12, ௨௰ என்றால் 20. 'துருசு ௰௨ குன்றி' என்பது சுமார் 1.56 கிராம், இடம் மாற்றிப் படித்தால் 2.6 கிராம். துருசு என்பது மயில்துத்தம் (செப்பு சல்பேட்). புண்ணில் போடும் களிம்பில் இந்த வித்தியாசம் சாதாரணமானதல்ல.

எடைக்குக் குன்றி 130 மில்லிகிராம், வராகனெடை 4.2 கிராம், கழஞ்சு 5.1, பலம் 35 எனக் கொள்ளலாம். ஆழாக்கு 168 மில்லி. நம் பக்கத்து ஏட்டில் வள்ளம் என்று வந்தால் மட்டும் அவசரப்பட வேண்டாம், அது ஊருக்கு ஊர் மாறும் அளவு.

ஏட்டில் புள்ளி இருக்காது. ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு வேறுபாடும் இல்லை, கொடியும் கோடியும் ஒரே மாதிரி எழுதப்பட்டிருக்கும். துணைக்காலும் (ா) ர-வும் ஒரே வடிவம் என்பதால் 'கரடு' என்பதும் 'காடு' என்பதும் கண்ணுக்கு ஒன்றாகவே தெரியும். இங்கே எதுகை கைகொடுக்கும். மற்ற அடிகளின் இரண்டாம் எழுத்தைப் பாருங்கள்: ர வந்தால் கரடு, டு வந்தால் காடு.

மருந்துப் பெயர்களிலும் இதே கவனம் வேண்டும். பூரமும் வீரமும் இரண்டும் பாதரசச் சரக்குகள். வீரம் சதையை அரிக்கும் கொடிய நஞ்சு. பெயர் சிதைந்திருக்கும் இடத்தில் ஊகித்து நிரப்பாமல் இடைவெளி விட்டே படியெடுங்கள். ஓரத்தில் வேறு கையெழுத்தில் குறிப்பு இருந்தால் அதைத் தனியாக எழுதிவையுங்கள். பாட்டில் சொன்ன அளவைக் கையாண்ட வைத்தியர் குறைத்தாரா, கூட்டினாரா என்பது அங்கேதான் தெரியும். ஏட்டைப் பார்த்து மருந்து செய்ய இறங்காதீர்கள். படியெடுத்ததைப் பட்டம் பெற்ற சித்த மருத்துவரிடம் காட்டுங்கள்.

வேலை முடிந்ததும் புதிய பருத்திக் கயிறு கோத்து, வசம்புப் பொடி முடிச்சு ஒன்றைக் கூட வைத்துத் துணியில் சுற்றுங்கள். கயிற்றை இறுக்கிக் கட்டினால் ஓலை நடுவில் முறியும்.