பெர்லினில் இடறுகல்லைக் கண்டால்

பெர்லின் நடைபாதையில் உள்ளங்கை அளவுப் பித்தளைத் தகடு மின்னினால், குனிந்து படியுங்கள். அது ‘ஷ்டோல்பர்ஷ்டைன்’, அதாவது இடறுகல். நாஜிகளால் வதைக்கப்பட்டவர்களின் நினைவாக, அவர்கள் கடைசியாக விரும்பி வாழ்ந்த வீட்டு வாசலில் குந்தர் டெம்னிக் என்ற கலைஞர் 1990களிலிருந்து பதித்துவருபவை. ‘ஹியர் வோன்டே’ என்றால் ‘இங்கே வாழ்ந்தார்’. கீழே பெயர், பிறந்த ஆண்டு. ‘டெபோர்டியர்ட்’ என்றால் நாடு கடத்தப்பட்டார். ‘எர்மோர்டெட்’ என்றால் கொல்லப்பட்டார். அருகருகே சிறு கூட்டமாகக் கற்கள் இருந்தால், பெரும்பாலும் ஒரே குடும்பம். பிறந்த ஆண்டுகளைப் பாருங்கள், குழந்தைகளும் இருப்பார்கள், நெஞ்சு கனத்துவிடும்.

கறுத்துப்போயிருந்தால் நீங்களே துலக்கலாம். மென்மையான பஞ்சில் பித்தளை பாலிஷ் தொட்டுத் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்தால் போதும். கம்பி பிரஷ் மட்டும் வேண்டாம், தகட்டைக் கீறிவிடும்.