விரியன் கடித்த காலுக்குக் கயிறு எதற்கு?

கார்த்திகையில் கதிர் அறுப்பு தொடங்கிவிட்டால் எங்கள் லேபில் கண்ணாடிக் குழாய்கள் சீக்கிரம் தீர்ந்துபோகும். பர்மாவில், பெகுவைச் சுற்றியுள்ள வயல்களிலிருந்து பாம்புக்கடிக்காரர்கள் வருவார்கள். அரிக்கட்டுக்கு அடியில் எலி தேடி வந்து சுருண்டு கிடக்கும் கண்ணாடி விரியன்தான் பெரும்பாலும். பர்மியர்கள் அதை ம்வேப்வே என்பார்கள். கணுக்கால் பக்கம் இரண்டு புள்ளி, முழங்காலுக்குக் கீழே கைலியைக் கிழித்து முறுக்கிய ஒரு கயிறு. "நல்லா இறுக்கிட்டோம் தம்பி, ஏறியிருக்காது" என்பார் கூட வந்த பெரியவர்.

அந்த 'ஏறுவது' என்ற சொல்லில்தான் சிக்கல். விஷம் காலிலிருந்து தலைக்கு மாடிப்படி மாதிரி ஏறும், நடுவில் கதவைச் சாத்தினால் நின்றுவிடும் என்று நினைக்கிறோம். விரியன் விஷம் கடித்த இடத்திலிருந்து பெரும்பாலும் நிணநீர் வழியாக, அதாவது சதைக்குள் ஊறி ஓடும் தெளிந்த நீர் வழியாக, நகர்கிறது. நிணநீரை ஓட வைப்பது நம் தசைகள்தான். கயிறு கட்டிக்கொண்டு வரப்பில் ஓடி வருகிறவர் தன் கையாலேயே பம்பு அடிக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கயிறு மட்டும் சும்மா இருக்கிறதா? கீழே போகிற நல்ல ரத்தத்தை நிறுத்தி, ஏற்கெனவே வீங்கிய சதையைச் சாகடிக்கும்.

கட்டாமல் என்ன செய்வது? படுக்க வைத்து, இரண்டு மூங்கில் பட்டைகளை வைத்துக் காலை அசையாமல் துணியால் சுற்றித் தூக்கிக்கொண்டு வாருங்கள். கடிவாயின் மேல் தடிமனாக மடித்த துணியை வைத்து அழுத்திச் சுற்றும் முறையையும் இந்த நாட்டிலேயே செய்து பார்த்திருக்கிறார்கள். அது அந்த ஓர் இடத்தை அழுத்துவது, காலை நெரிப்பது இல்லை. ஏற்கெனவே கயிறு கட்டியாகிவிட்டதா, சரி, வழியில் சட்டென்று அவிழ்க்காதீர்கள். தேங்கியது ஒரேயடியாக உள்ளே போகும். விஷமுறிவு மருந்து தயாராக இருக்கும் இடத்தில் டாக்டர் அவிழ்க்கட்டும்.

அடுத்தது பிளேடால் கீறுவது. ரத்தம் உறைய உடம்பில் வரிசையாகப் பல புரதங்கள் இருக்கின்றன. அதில் பத்தாம் காரணி என்பதைக் காயம் பட்டால்தான் உடம்பு எழுப்பும். விரியன் விஷம் அதைக் காயமே இல்லாமல் எழுப்பிவிடுகிறது. உடனே ரத்தக் குழாய்களுக்குள் கண்ட இடத்திலும் சின்னச் சின்ன உறைவுகள். ஃபைப்ரினோஜன் என்ற மூலப்பொருள் சில மணி நேரத்தில் காலியாகிவிடும். அப்புறம் நிஜமாகவே காயம் வந்தால் உறைய ஒன்றுமில்லை. ஈறில் கசியும், மூத்திரம் சிவக்கும். அந்த நேரத்தில் கீறிவிட்டால் ரத்தம் நிற்பதே இல்லை. ரத்தத்தை நிற்க விடாத ஆஸ்பிரினைக் கொடுப்பதும் இதே தவறுதான்.

இதைக் கண்டுபிடிக்கத்தான் அந்தக் கண்ணாடிக் குழாய். 2 மில்லி ரத்தத்தைப் புதிய, உலர்ந்த குழாயில் விட்டு, 20 நிமிடம் தொடாமல் வைத்து, ஒரே ஒரு முறை சாய்த்துப் பார்க்க வேண்டும். கட்டியாக நின்றால் நல்லது. தண்ணீர் மாதிரி வழிந்தால் விரியன் வேலையைக் காட்டிவிட்டது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் சோப்புப் போட்டுக் கழுவிய குழாயை நான் எடுத்துவிட்டேன். ரத்தம் உறையவில்லை. எல்லோரும் பரபரத்தார்கள். புதுக் குழாயில் எடுத்தால் கல் மாதிரி நின்றது. உறைதலைத் தூண்டுவதே சுத்தமான கண்ணாடியின் பரப்புதான். பிளாஸ்டிக்கிலோ சோப்பு படிந்த குழாயிலோ ஆரோக்கியமானவர் ரத்தமும் வழியும்.

முதல் சோதனையில் ரத்தம் உறைந்ததென்று வீட்டுக்குக் கிளம்புவது இன்னொரு தவறு. விஷம் மெதுவாக உள்ளே போகலாம், அதனால் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். மருந்து போட்ட பிறகும் ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை. ஈரல் புதிய புரதங்களைச் செய்ய அவ்வளவு நேரம் பிடிக்கும்.

மந்திரிப்பதைப் பற்றிச் சொன்னால் ஊரில் கோபித்துக்கொள்வார்கள், இருந்தாலும் சொல்கிறேன். கடிக்கும் பாம்பெல்லாம் விஷம் இறக்குவதில்லை. வெறும் பல் பட்ட ஆள் மந்திரக்காரரிடம் போனால் பிழைத்துவிடுகிறார், மந்திரக்காரருக்குப் பேர் வருகிறது. அடுத்த ஆளுக்கு விஷம் இறங்கியிருக்கும். திருநீற்றை வண்டியில் போகும்போதே பூசிக்கொள்ளுங்கள், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

பாம்பை அடித்துக் கொண்டுவரவும் வேண்டாம். வெட்டிய தலைகூடக் கடிக்கும். தள்ளி நின்று ஒரு போட்டோ போதும். எந்தப் பாம்பு என்பது இங்கே முக்கியம்தான், ஏனென்றால் ரங்கூன் பக்கம் இன்செயினில் உள்ள அரசு மருந்துத் தொழிற்சாலை விரியனுக்கும் நாகத்துக்கும் தனித்தனி மருந்து தயாரிக்கிறது. இந்தியாவிலிருந்து வரும் மருந்து அந்த ஊர்ப் பாம்புகளை வைத்துச் செய்தது. நம் விரியன் அறிவியல் கணக்கில் வேறு இனம். குட்டிப் பாம்பு என்று அலட்சியமும் கூடாது, குழந்தைதானே என்று மருந்தைக் குறைக்கச் சொல்லவும் கூடாது. பாம்பு இறக்கிய விஷம் ஆளின் எடையைப் பார்ப்பதில்லை, குழந்தைக்கும் பெரியவர் அளவேதான்.

வீக்கத்தையே பார்த்துக்கொண்டிருப்பவர்கள் மூத்திரத்தைக் கவனிப்பதில்லை. விரியன் கடியில் உயிரைப் பறிப்பது பல நேரம் சிறுநீரகம்தான். ஒரு நாளைக்கு 400 மில்லிக்குக் குறைந்தால் ஆபத்து. கண்ணின் வெள்ளைப் பகுதி ஜவ்வு மாதிரி உப்பினால், நுண்குழாய்கள் கசிகின்றன என்று அர்த்தம். மருந்து ரத்தத்தில் திரியும் விஷத்தைத்தான் பிடிக்கும், கெட்டுப்போன சிறுநீரகத்தைத் திருப்பித் தராது. தாமதிக்காதீர்கள் என்று நாங்கள் கத்துவது அதனால்தான்.

எங்கள் சொந்தத்தில் ஒரு அத்தை. விரியன் கடித்துப் பிழைத்து, எல்லோரும் முனீஸ்வரனுக்குப் பொங்கல் வைத்து மறந்துவிட்டார்கள். சில வருடம் கழித்து எப்போதும் சோர்வு, குளிர், மாதவிலக்கு சீக்கிரமே நின்றது, அக்குள் முடிகூட உதிர்ந்தது. வயசாகுது என்றார்கள். மூளையின் அடியில் கடலை அளவில் தொங்கி மற்றச் சுரப்பிகளை இயக்கும் பிட்யூட்டரி சுரப்பி, கடித்த அன்றைக்கே உள்ளுக்குள் ரத்தம் கசிந்து செத்திருந்தது. பர்மா விரியனிடம் இது நன்கு தெரிந்த சங்கதிதான். இப்போது தினமும் காலையில் காபிக்கு முன்னால் இரண்டு மாத்திரை போட்டுக்கொண்டு, மறுபடியும் வயலுக்குப் போகிறார். ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு.