ஈத்தோ கத்தியின் பிடி ஆடினால்

தாய்லாந்தில், எங்கள் அயுத்தயா வீட்டில் கத்தி நாலைந்து கிடந்தாலும் கை போவது ஈத்தோவுக்குத்தான். அகலமான, முனைப்பக்கம் கனத்த வெட்டுக்கத்தி. இளநீர் சீவ, மூங்கில் வெட்ட, கோழிக்கு வாழைத்தண்டு கொத்த, எல்லாவற்றுக்கும் அதுதான். பச்சைப் பப்பாளியைக் கொத்திச் சீவ மட்டும் மெல்லிய கத்தி தனியாக உண்டு.

வாங்குவதானால் நக்கோன் லுவாங் பக்கம் பான் தொன் போ, பான் பாய் நோங் ஊர்களுக்குப் போங்கள். லாவோஸின் வியந்தியானிலிருந்து வந்து குடியேறிய கொல்லர்களின் வழிவந்தவர்கள் அங்கே கத்தி அடிக்கிறார்கள். அந்தக் கத்திகளுக்கு ‘அரன்யிக் கத்தி’ என்று பெயர், அப்படிக் கேட்டால் யாரும் வழி சொல்வார்கள். பளபளப்பைப் பார்த்து ஏமாறாதீர்கள். பிடியைத் தளர்த்திப் பிடித்தால் தலை தானாக முன்னால் சாய வேண்டும். வெட்டுவது அந்தக் கனம்தான், உங்கள் தோள் அல்ல.

நாள்பட்டால் பிடி ஆடும். ஆணி அடிக்காதீர்கள், மரம் பிளந்துவிடும். பழைய முறை அரக்குதான். தாய்லாந்தில் தூங்குமூஞ்சி மரத்தில் அரக்குப்பூச்சி வளர்க்கிறார்கள், அதனால் அரக்குக்குப் பஞ்சமில்லை. பிடியைக் கழற்றி, துளையில் ஒட்டியிருக்கும் பழைய அரக்கைச் சுரண்டி எடுங்கள். புது அரக்கை நொறுக்கி, துளையில் முக்கால்வாசி நிரப்புங்கள். கத்தியின் அலகில் ஈரத்துணியை நன்றாகச் சுற்றிவிட்டு, பிடிக்குள் போகும் வாலை மட்டும் தீயில் காட்டுங்கள். அலகுக்குச் சூடு ஏறினால் கொல்லர் ஏற்றிய பதம் போய்விடும். வால் சுட்டதும் நேராகப் பார்த்து ஒரே அழுத்தில் இறக்குங்கள். அரக்கு இளகிப் புகைந்து பூண் ஓரமாகக் கசியும். அந்த வாசனை எனக்குப் பிடிக்கும், மாமியாருக்குப் பிடிக்காது. கோணியிருந்தால் அந்தச் சில நொடிகளுக்குள் திருத்திவிட வேண்டும். அப்புறம் ஆறும்வரை தொடாதீர்கள்.

தீட்டும்போது சவரக்கத்தி மாதிரி மெலிதாக்க வேண்டாம், கொட்டாங்கச்சியில் பட்டதும் வாய் மடங்கும். தண்ணீர் தெளித்த கல்லில் கொஞ்சம் தூக்கலாகவே சாய்த்து, இரண்டு பக்கமும் சமமாகத் தேய்த்தால் சரி.

வாழைத்தண்டு கொத்திய கையோடு கழுவித் துடைத்துவிடுங்கள். வாழைச்சாறு இரும்பைக் கறுக்க வைக்கும். சொட்டு தேங்காயெண்ணெய் தடவினால் போதும். கொதிநீரில் மட்டும் முக்காதீர்கள், அடுப்போரத்திலும் வைக்காதீர்கள். அரக்கு இளகி, பிடி மறுபடி ஆடத் தொடங்கும்.