சீயக்காய் மேல் தப்பில்லை: ஷாம்பை விடுகிறவர்கள் செய்கிற தவறுகள்

ஷாம்பை நிறுத்திய மூன்றாவது வாரம், சீப்பை இழுத்தால் பல் இடுக்கில் சாம்பல் நிறத்தில் மெழுகு மாதிரி ஏதோ சேர்ந்து வந்தது. உச்சந்தலையில் பிசுக்கு, நுனி முடியோ வைக்கோல். அலுவலகத்தில் பக்கத்து இருக்கை அக்கா, "தலைக்குக் குளிச்சு ரொம்ப நாளாச்சாம்மா?" என்று அக்கறையாகக் கேட்டார். அன்று காலையில்தான் குளித்துவிட்டுப் போயிருந்தேன்.

அந்த வாரமே ஊருக்குப் போனபோது அப்பத்தாவிடம் தலையைக் காட்டினேன். என்ன போட்டுக் குளிக்கிறாய் என்று கேட்டார். கண்காட்சியில் வாங்கிய மூலிகைச் சோப்பு என்றேன். எந்தத் தண்ணி என்றார். போர் தண்ணி என்றேன். "உப்புத் தண்ணியில சவுக்காரம் போட்டா திரியாம என்னத்தா செய்யும்?" என்று சொல்லிவிட்டு வெற்றிலையை மடிக்கப் போய்விட்டார்.

ஷாம்பை விட்டுவிட்டு இரண்டே மாதத்தில் அதற்கே திரும்பியவர்கள் எனக்குத் தெரிந்தே நிறையப் பேர். எல்லோரும் சீயக்காயைத்தான் திட்டுகிறார்கள். விசாரித்துப் பார்த்தால் தப்பு பெரும்பாலும் தண்ணீரில் இருக்கும். இல்லையென்றால், ஷாம்பு போட்ட பழக்கத்தில் அதே மாதிரி சீயக்காயையும் போட்டிருப்பார்கள்.

தண்ணீரைப் பார்க்காமல் இறங்குவது

மதுரையில் பல வீடுகளில் இரண்டு தண்ணீர் உண்டு. குடிக்கவும் சமைக்கவும் குழாயில் வரும் மாநகராட்சித் தண்ணீர் ஒன்று. மோட்டார் போட்டு மாடித் தொட்டிக்கு ஏற்றும் போர் தண்ணீர் இன்னொன்று. குளியலறைக்கு வருவது இரண்டாவதுதான். வாளி விளிம்பில் வெள்ளையாகப் படிகிறதா, ஹீட்டர் கம்பியில் சுண்ணாம்பு பூசியது போல் ஏறியிருக்கிறதா, பாருங்கள். அதுதான் கால்சியமும் மக்னீசியமும்.

சோப்பு இந்த உப்புகளோடு சேர்ந்தால் தண்ணீரில் கரையாத வெள்ளைத் திரிவாக மாறிவிடும். என் சீப்பில் வந்த மெழுகு அதுதான். ஷாம்பில் இருப்பது சோப்பு கிடையாது, வேறு வகை நுரைப்பான். கடினமான தண்ணீரிலும் அது இப்படித் திரிவதில்லை. அதனால் ஷாம்பு போட்ட காலமெல்லாம் தண்ணீரின் குணம் நமக்குத் தெரியாமலே இருக்கிறது. சோப்புக் கட்டிக்கு மாறிய பிறகுதான் தெரிகிறது. ஆட்டுப்பாலில் செய்தது, வேப்பெண்ணெயில் செய்தது என்று எத்தனை இயற்கையான பெயர் வைத்தாலும் சோப்பு சோப்புதான். உப்புத் தண்ணீர் வீட்டில் தலைக்கு அது வேண்டாம்.

சந்தேகம் இருந்தால் இரண்டு காலி பாட்டில் எடுங்கள். ஒன்றில் போர் தண்ணீர், இன்னொன்றில் பிடித்துவைத்த மழைத் தண்ணீர், இரண்டிலும் பாதியளவு. சோப்பை லேசாகச் சீவி இரண்டிலும் ஒரே அளவு போட்டு மூடிக் குலுக்குங்கள். மழைத் தண்ணீரில் நுரை பாட்டில் கழுத்துவரை ஏறும், தண்ணீரும் ஓரளவு தெளிவாகவே இருக்கும். போர் தண்ணீரில் நுரை ஏறாது. திரிந்த பால் மாதிரி வெள்ளைத் துணுக்குகள் மிதக்கும். அந்தத் துணுக்குகள் முடி இழைகளுக்கு நடுவில் உட்கார்ந்தால் எப்படி இருக்கும் என்று ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்கள்.

சீயக்காயில் நுரைப்பது சப்போனின். அது சோப்பு மாதிரி திரிவதில்லை என்பதால் போர் தண்ணீரிலும் ஓரளவு வேலை செய்யும். ஆனாலும் கடைசி அலசலுக்கு மட்டுமாவது ஒரு வாளி குழாய்த் தண்ணீர் ஒதுக்கிவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் இரண்டு குடம் பிடித்து வைத்தால் இன்னும் நல்லது. கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்பார்கள். கொதிக்க வைத்தால் கடினத்தன்மையில் ஒரு பகுதிதான் படிந்து இறங்கும், மீதி அப்படியே இருக்கும்.

அழகர்கோயில் அழகருக்கு நூபுர கங்கைத் தண்ணீரில்தான் திருமஞ்சனம். வேறு தண்ணீர் பட்டால் மேனி கறுத்துவிடும் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். ஐப்பசியில் தைலக்காப்புக்கு அவரே மலையேறி அந்தத் தண்ணீரைத் தேடிப் போகிறார். நாம் மட்டும் எந்தக் குழாய் கைக்கு எட்டுகிறதோ அதைத் திறந்துவிடுகிறோம்.

ஆப்ப சோடாவும் எலுமிச்சையும்

வெளிநாட்டு வீடியோக்களில் ஷாம்புக்குப் பதில் சோடா உப்பு போடச் சொல்கிறார்கள். செய்யாதீர்கள். நம் தலைத்தோல் லேசான அமிலத் தன்மை கொண்டது, பிஎச் (அமில, கார அளவு; 7க்குக் கீழே அமிலம், மேலே காரம்) சுமார் 5.5. சோடா உப்புக் கரைசல் 8க்கு மேல். முடியின் மேல் செதில்கள் தூக்கிக்கொள்ளும், இழைகள் ஒன்றோடொன்று சிக்கும், உடையும். முதல் இரண்டு முறை 'சுத்தமாக' இருப்பது போலத் தோன்றுவதால்தான் ஏமாறுகிறோம்.

எதிர்ப்பக்கம் எலுமிச்சை. முழுப் பழத்தையும் நேராகத் தலையில் பிழிகிறார்கள். அதன் பிஎச் 2 அளவுக்கு இருக்கும், கீறல் இருந்தால் எரிச்சலில் துள்ள வேண்டியதுதான். சாறு நெற்றியில் வழிந்த நிலையில் வெயிலில் நின்றால் தோல் கறுத்துப் புண்ணாவதும் உண்டு. அரை மூடிச் சாற்றை ஒரு பெரிய சொம்புத் தண்ணீரில் கலந்து கடைசியாக ஊற்றி, பிறகு நல்ல தண்ணீரில் அலசினால் போதும்.

நுரையைத் தேடுவது

சீயக்காய் போட்டதும் நுரை வரவில்லையே என்று இன்னும் இரண்டு கரண்டி, இன்னும் இரண்டு கரண்டி என்று அள்ளிப் போடுகிறோம். முடி வறண்டு கயிறாவது இதனால்தான். நுரை அதிகம் வந்தால் அழுக்கு அதிகம் போகும் என்பது ஷாம்பு பழக்கிவிட்ட எண்ணம்.

ஷாம்பு என்ற சொல்லே இங்கிருந்து போனதுதான். இந்தியில் 'சாம்போ' என்றால் அமுக்கிப் பிடித்துவிடு என்று அர்த்தம். பாட்னாக்காரரான சேக் தீன் முகமது 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் பிரைட்டனில் குளியல் நிலையம் வைத்து வெள்ளைக்காரர்களுக்கு 'ஷாம்பு' செய்தார். அவர் செய்தது உடம்பைப் பிடித்துவிடுகிற வேலை. நுரை பிற்பாடு வந்து சேர்ந்த சமாச்சாரம். சீயக்காய்க்கும் பாதி வேலை விரலில்தான் இருக்கிறது.

என் அளவைச் சொல்கிறேன். இடுப்புவரை முடிக்கு மூன்று மேசைக்கரண்டிப் பொடி. வடிகஞ்சி வெதுவெதுப்பாக இருக்கும்போதே அதில் கரைத்து ஒரு பத்து நிமிஷம் ஊறவிட வேண்டும். தோசை மாவைவிட நீர்த்து இருக்கட்டும். முடியை நன்றாக நனைத்த பிறகு, வகிடு வகிடாகப் பிரித்து விரல் நுனியால் (நகத்தால் இல்லை) தலைத்தோலில் தேய்க்க வேண்டும். நீளத்துக்குத் தனியாகப் போட வேண்டியதில்லை. அலசும்போது வழிவதே போதும். பிறகு பொடி சுத்தமாகப் போகிறவரை தண்ணீர். இதற்கு ஷாம்புக்கு ஆவதைவிட இரண்டு மடங்கு நேரம் ஆகும். அலுவலக நாளில் ஏழே முக்காலுக்கு ஆரம்பித்து எட்டு மணி பஸ்ஸைப் பிடிக்க நினைத்தால் வகிட்டில் காபிப் பொடி தூவியது போலத்தான் போய் இறங்க வேண்டும். நான் இறங்கியிருக்கிறேன்.

கண்ணை மூடிக்கொள்ளுங்கள். சப்போனின் கண்ணில் பட்டால் மிளகாய்தான். பட்டுவிட்டால் கசக்காமல் நல்ல தண்ணீரை விட்டுக் கழுவிக்கொண்டே இருங்கள். சிவப்பும் உறுத்தலும் அடங்காவிட்டால் கண் மருத்துவரிடம் போங்கள். இதே மாதிரி நுரைக்கிற பூந்திக்கொட்டைக்குக் காட்டம் இன்னும் அதிகம். கைக்குழந்தைக்கு இரண்டுமே வேண்டாம்.

பொடி வாங்குவதும் அரைப்பதும்

பாட்டில் மேல் சீயக்காய்ப் படம் இருந்தால் அது சீயக்காய் என்று அர்த்தமில்லை. பின்பக்கம் பொடி எழுத்தில் சோடியம் லாரெத் சல்பேட் (ஷாம்பில் போடும் நுரைப்பான்) என்று இருந்தால், சீயக்காய்ச் சாறு கொஞ்சம் சேர்த்த ஷாம்பு அது. போடக் கூடாது என்று சொல்லவில்லை. ஷாம்பை விட்டுவிட்டதாக நினைத்துக்கொண்டு போட வேண்டாம்.

கீழமாசி வீதிப் பக்கம் நாட்டு மருந்துக் கடைகளில் எல்லாம் தனித்தனியாகக் கிடைக்கும். ஒரு கிலோ சீயக்காய்க்குக் கால் கிலோ பாசிப்பயறு, 100 கிராம் வெந்தயம், வாசத்துக்கு ஒரு கைப்பிடி பூலாங்கிழங்கு. நான் இதற்கு மேல் போவதில்லை. இருபது மூலிகை போட்டால் இருபது மடங்கு பலன் என்று எண்ணி ஆவாரம்பூ, கரிசலாங்கண்ணி, நெல்லிமுள்ளி, வேப்பிலை என்று கொட்டிக்கொண்டே போனால், கழுவுகிற சரக்கு குறைந்து ஒட்டுகிற சரக்குதான் மிஞ்சும். அரிப்பு வந்தாலும் எதனால் வந்தது என்று கண்டுபிடிக்க முடியாது. செம்பருத்தி இலையும் வெந்தயமும் வழவழப்புக் கொடுத்து முடியை மெத்தென்று ஆக்கும், அழுக்கை எடுப்பது அவற்றின் வேலை இல்லை. அவற்றை மட்டும் போட்டுவிட்டுத் தலை பிசுபிசுக்கிறது என்றால் என்ன செய்ய?

காய் மொட்டை மாடியில் நன்றாகக் காய வேண்டும். ஒடித்தால் 'படக்'கென்று சத்தம் வர வேண்டும். வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது, அரைத்து வைத்தாலும் பூசணம் பிடிக்கும். எங்கள் மில்லில் சீயக்காய்க்குத் தனி மெஷின். மாவு அரைக்கிற கூட்டம் போன பிறகுதான் வரச் சொல்வார் மில்லுக்கார அண்ணன். மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு பெல்ட்டை மாட்டுவார். ஓட்டின அரை நிமிஷத்தில் வாசலில் நிற்கிற நாங்கள் நாலு பேரும் வரிசையாகத் தும்முவோம், எதிர்க்கடைக்காரரும் சேர்ந்துகொள்வார். ஆஸ்துமா இருப்பவர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம், வேறு யாரையாவது அனுப்புங்கள்.

அரைத்ததைக் கண்டிப்பாகச் சலிக்க வேண்டும். சலிக்காத பொடியில் கிடக்கும் கப்பி தலைத்தோலைக் கீறும். கப்பியைக் கொட்ட வேண்டியதில்லை. வெந்நீரில் ஊறவைத்து வடிகட்டிப் பயன்படுத்தலாம். கரைத்த பொடி மிச்சமானால் கொட்டிவிடுங்கள். குளியலறை மாடத்தில் மறுநாளுக்கு வைத்தால் புளித்து நாறும்.

உசிலையை மறந்துவிடுவது

சீயக்காய் ஒத்துக்கொள்ளவில்லை என்றதும் பலர் நேரே ஷாம்புக்குப் போய்விடுகிறார்கள். நடுவில் அரப்பு இருக்கிறது. உசிலை மரத்து இலையைக் காயவைத்து இடித்த பொடிதான் அரப்பு. உசிலம்பட்டி என்ற பெயரே அந்த மரத்தால் வந்தது என்பார்கள். நுரை கொஞ்சம்தான், ஆனால் வழவழப்பு உண்டு. சீயக்காய் போல முடியை வறட்டாது. வறண்ட முடிக்காரர்கள் இதில் தொடங்கலாம். பொடி பச்சையாக இருக்க வேண்டும். பழுப்பேறியிருந்தால் பழைய சரக்கு.

எண்ணெயில் அடங்காத கை

எண்ணெய்க் குளியல் என்றால் அரை கிண்ணம் நல்லெண்ணெய் ஊற்றி, இரவெல்லாம் ஊறி, காலையில் ஒரு தரம் சீயக்காய் போட்டு எண்ணெய் போகவில்லை என்று அலுத்துக்கொள்வது. சீயக்காய்க்கு அவ்வளவு பலம் கிடையாது. இரண்டு மூன்று கரண்டி எண்ணெய், அரை மணி நேரம், அப்புறம் சீயக்காய் இரண்டு தடவை. அதற்குப் பிறகும் மெல்லிய எண்ணெய்ப் பசை இருந்தால் அது இருக்கட்டும். ஷாம்பு போட்டது போல 'கீச்' என்று சத்தம் கேட்கிற வரை தேய்க்கத் தேவையில்லை.

இன்னொன்று: சில வாரம் பொறுத்தால் தலை எண்ணெய் சுரப்பதைத் தானே குறைத்துக்கொள்ளும் என்று சொல்கிறார்கள். எண்ணெய் சுரப்பதை முக்கியமாக நடத்துவது ஹார்மோன். எதைப் போட்டுக் கழுவுகிறோம் என்பதை அது கேட்டுக்கொண்டு நடப்பதில்லை. பிசுக்கோடு மாதக்கணக்கில் காத்திருக்காதீர்கள். வாரம் ஒரு முறை போதவில்லையா, இரண்டு முறை குளியுங்கள்.

நோயைச் சீயக்காயிடம் விடுவது

பொடுகுக்குக் காரணமான மலசீசியா என்ற பூஞ்சை தலையின் எண்ணெயைத் தின்றுதான் வாழ்கிறது. பொடுகு இருக்கும்போது எண்ணெயைத் தடவி ஊறவிடுவது அதற்கு விருந்து வைப்பது. மருத்துவர் எழுதிக் கொடுத்த கீட்டோகொனசோல் ஷாம்பு ஒரு மருந்து. 'ஷாம்பு வேண்டாம்' என்ற விரதத்தில் அதையும் சேர்த்து நிறுத்துவது முட்டாள்தனம். வட்ட வட்டமாக முடி கொட்டினாலும், புண்ணில் நீர் வடிந்தாலும் தோல் மருத்துவர்தான்.

முடி கொட்டுகிறது என்று பயப்படுவதற்கு முன்னால் ஒரு கணக்கு. நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி உதிர்வது சாதாரணம். வாரம் ஒரு முறை தலைக்குக் குளித்தால் அந்த வாரத்து உதிர்வில் பெரும்பங்கு ஒரே நாளில் கைக்கு வரும். கடுமையான காய்ச்சலுக்கோ பிரசவத்துக்கோ பிறகு இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்தாகக் கொட்டுவதும் உண்டு. அந்தச் சமயத்தில் சீயக்காய்க்கு மாறியிருந்தால் பழி அதன் மேல்தான் விழும்.

ஈரத்தோடு பின்னுவது

சாயங்காலம் தலைக்குக் குளித்துவிட்டு, துண்டால் நாலு தட்டு தட்டி, ஈரத்தோடேயே பின்னி, மேலே இரண்டு முழம் மல்லிகை. ராத்திரி பின்னலைப் பிரித்தால் வரும் வாடைக்கு மதுரை மல்லியாலும் ஒன்றும் செய்ய முடியாது. சாம்பிராணி போட்டால் தணல்மேல் கூடையைக் கவிழ்த்து, முடியை ஒரு முழம் தள்ளியே விரியுங்கள். காய வைப்பது காற்றுதான். புகை வாசத்துக்கு மட்டும். மின்விசிறிக்கு அடியில் முதுகைக் காட்டி அரை மணி நேரம் உட்கார்ந்தாலே போதும். பின்கழுத்து முடியை விரலால் கோதிப் பார்த்து, அடிவேர் குளுகுளுவென்று இல்லாவிட்டால் பின்னலாம், பூவும் வைக்கலாம்.