2002 பிப்ரவரியைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது எப்படி

மார்ச் 12 குடியரசு நாள் நெருங்கினால் நம் மாலைநேரத் தமிழ் வகுப்புகளில் கொடி வரையச் சொல்வோம், நாட்டுப்பண் பாடுவோம். அதோடு துணைத் தலைவர் அங்கிடி செட்டியார் சில நாட்கள் தற்காலிகக் குடியரசுத் தலைவராக இருந்த கதையையும் சொல்லிக்கொடுங்கள் என்று மொரிஷியஸில் தமிழ் நடத்தும் எல்லாரையும் கேட்டுக்கொள்கிறேன். ரோஸ்ஹில்லில் என் வகுப்பில் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகளுக்கு இதை இப்படித்தான் நடத்துகிறேன்.

சூறாவளியிலிருந்து தொடங்குங்கள். 2002 என்ற எண் அவர்களுக்கு எதையும் நினைவூட்டாது. ஒரு வாரம் முன்பே, "டினா அடித்தபோது நம் வீட்டில் என்ன ஆச்சு?" என்று தாத்தா பாட்டியிடம் கேட்டுவரச் சொல்லுங்கள். அது ஜனவரி 22. தகரம் பறந்தது, கரண்ட் போனது என்று ஏதாவது கொண்டுவருவார்கள். அதற்கு அடுத்த மாதம் நடந்தது இது என்று சொன்னால் காலம் பிடிபட்டுவிடும்.

அப்புறம் மசோதா. அமெரிக்காவில் 2001 செப்டம்பர் 11 தாக்குதல் நடந்த பிறகு, பிரதமர் அநிருத் ஜக்நாத்தின் அரசு பயங்கரவாதத் தடுப்பு மசோதாவைக் கொண்டுவந்தது. சந்தேகத்தில் பிடிபட்டவரை வழக்கறிஞரைக்கூடப் பார்க்கவிடாமல் 36 மணி நேரம் வைத்திருக்கப் போலீசுக்கு அது இடம் கொடுத்தது. குடியரசுத் தலைவர் காசாம் உத்தீம் அதைத் திருப்பி அனுப்பினார். நாடாளுமன்றம் மறுபடியும் நிறைவேற்றியது.

இந்த இடத்தில் அரசியல் சட்டத்தின் 46ஆம் பிரிவைக் கட்டாயம் விளக்குங்கள். ஒரு தடவை திருப்பி அனுப்பலாம். இரண்டாம் தடவை வந்தால் கையெழுத்துப் போட்டே ஆகவேண்டும். இது தெரியாவிட்டால் பெரியவர்கள் ஏதோ வீம்புக்குக் கோபித்துக்கொண்டு போனதாகப் பிள்ளைகள் நினைத்துவிடுவார்கள். கையெழுத்துப் போட மனம் இல்லாதவருக்கு நாற்காலியை விட்டு எழுந்திருப்பது ஒன்றுதான் வழி. பிப்ரவரி 15, வெள்ளிக்கிழமை, உத்தீம் எழுந்தார்.

இனி நடித்துக் காட்டச் சொல்லுங்கள். ஒரு நாற்காலி, ஒரு பேனா, 'மசோதா' என்று எழுதிய ஒரு தாள் போதும். முதல் பிள்ளை உட்கார்ந்து, பேனாவைத் தொடாமல் எழுந்துபோகட்டும். தலைவர் இடம் காலியானால் துணைத் தலைவர் அந்த வேலையைப் பார்க்கவேண்டும் என்கிறது அரசியல் சட்டம். அதனால் செட்டியாராக இரண்டாம் பிள்ளை உட்காரட்டும்.

இங்கே அவசரப்படாதீர்கள். நாட்டின் முதல் நாற்காலி கைக்கு வந்திருக்கிறது, தாள் எதிரே இருக்கிறது. "நீ என்ன செய்வாய்?" என்று வகுப்பையே கேளுங்கள். கிரியோல் மொழியில் சண்டை போட்டாலும் விடுங்கள், தமிழ் பிறகு வரும். போதுமான நேரம் வாதாடவிட்ட பிறகுதான் நடந்ததைச் சொல்லவேண்டும்: 18ஆம் தேதி திங்கட்கிழமை செட்டியாரும் பதவி விலகினார்.

மூன்றாவதாகத் தலைமை நீதிபதி அரிரங்கா பிள்ளை. சட்டப்படி அடுத்த முறை அவருடையது. அவர் கையெழுத்திட்டார். உடனே "கெட்டவர்!" என்று யாராவது கத்துவார்கள். அதை அப்படியே விட்டுவிடக் கூடாது. அவர் நீதிபதி, போடவேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அவருக்கு அந்த மசோதா பிடித்ததா இல்லையா என்பதைக் கையெழுத்தை வைத்துச் சொல்ல முடியாது. செட்டியார்மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. அதற்காக அரிரங்கா பிள்ளையை வில்லனாக்கிக் கதை சொல்ல என்னால் முடியாது. பிப்ரவரி 25இல் கார்ல் ஆஃப்மன் தலைவரானார் என்பதோடு நாடகத்தை முடித்துவிடலாம்.

ஒன்றில் கவனம் தேவை. "நம்ம ஆள் தலைவராக இருந்தார்" என்ற பெருமையோடு நிறுத்திவிடாதீர்கள். பெருமைக்கு வேறு பெயர்களும் உண்டு. குடியரசின் முதல் தலைவரே வீராசாமி ரிங்காடு. குடியரசுத் தலைவர் அமீனா குரிப்-ஃபாகிம் விலகிய பின் 2018 மார்ச் முதல் 2019 நவம்பர் வரை பார்லன் வியாபூரி தற்காலிகத் தலைவராக இருந்தார். செட்டியாரின் நாட்கள் அதைவிட எவ்வளவோ குறைவு. அவர் என்ன முடிவு எடுத்தார் என்பதற்காகவே அதை நடத்துகிறோம். வீட்டில் கேட்ட இனப்பேச்சு வகுப்புக்குள் வந்தால், ஒரு முஸ்லிமும் ஒரு தமிழரும் ஒரே தாளுக்காக அடுத்தடுத்து எழுந்துபோனார்கள் என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

"அப்புறம் அவருக்கு என்ன ஆச்சு, மிஸ்?" என்று கட்டாயம் கேட்பார்கள். செட்டியார் 2007இல் மறுபடியும் துணைத் தலைவரானார். 2010 செப்டம்பரில் காலமாகும் வரை அந்தப் பதவியில் இருந்தார்.

வீட்டுப்பாடமாக இரண்டு வாக்கியம் எழுதச் சொல்லுங்கள்: "நான் கையெழுத்துப் போடுவேன், ஏனென்றால்..." அல்லது "போடமாட்டேன், ஏனென்றால்..." எழுத்துப்பிழையை மட்டும் திருத்துங்கள். எந்தப் பக்கம் எழுதினாலும் 'ஏனென்றால்' என்பதற்குப் பிறகு காரணம் இருந்தால் முழு மதிப்பெண் கொடுத்துவிடுங்கள்.