குடலைக் கேட்காமல் புண்ணைச் சுரண்டாதீர்கள்

யாழ்ப்பாணத்தில் காயங்களுக்கு மருந்து கட்டும் தாதியாக இருபது வருடங்களுக்கு மேல் நின்றுவிட்டேன். கையுறை மறப்பது, கட்டை இறுக்கிவிடுவது போன்றவற்றைப் புதியவர்கள் இரண்டு வாரத்தில் தாங்களே திருத்திக்கொள்வார்கள். கிரோன் நோய், பெருங்குடல் அழற்சிப் புண் என்ற நாட்பட்ட குடல் அழற்சி நோய்கள் உள்ளவர்களின் தோல் அவ்வளவு பொறுமை காட்டாது.

சுரண்டுவது

தென்மராட்சியிலிருந்து ஓர் அம்மா வந்தார். பனங்கருக்குக் கீறிய சிறு காயம் பத்தே நாளில் உள்ளங்கை அளவு புண்ணாகியிருந்தது. ஓரம் ஊதா நிறத்தில், அடிப்பக்கம் குடைந்திருந்தது. தொட்டால் துடித்தார். என்னுடையது சலரோகப் புண்களில் பழகிய கை. செத்த தசையை எடுத்தால் ஆறிவிடும் என்று சுரண்டினேன். மூன்றாம் நாள் புண் இரு மடங்கு. மறுபடியும் சுரண்டினேன், மறுபடியும் பெருத்தது. பரிசோதனைக்கு அனுப்பிய சீழில் கிருமி வளரவில்லை. அதையும் நம்பாமல் கிருமிக்கான மருந்தைத்தான் மாற்றினார்கள்.

ஒருநாள் கட்டவிழ்க்கும்போது அவரே சொன்னார்: "மிஸ்ஸி, மூன்று மாதமாக இரத்தமும் சளியுமாகப் போகிறது. சொல்ல வெட்கமாக இருந்தது." வெட்கம் அவருடையது. கேட்காமல் விட்ட பிழை என்னுடையது.

அவருக்கு இருந்தது பயோடெர்மா காங்கிரினோசம், குடல் அழற்சியோடு சேர்ந்து வரக்கூடிய தோல் புண். 1930இல் அந்தப் பெயரை வைத்தவர்கள் எங்களை நன்றாகவே ஏமாற்றிவிட்டார்கள். பெயரில் சீழும் அழுகலும் இருக்கின்றன. நோயின் மூலம் இரண்டுமில்லை. உடலின் காவல் அணுக்களே தடம் மாறித் தோலை அரிக்கின்றன. கீறினாலும் வெட்டினாலும் புண் பரவும். ஆற்றுவது ஸ்டெரொய்ட் போன்ற, எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகள். வேறு நோய் இல்லையென்று உறுதிசெய்ய ஓரத்திலிருந்து சிறு துண்டெடுப்பது வேறு விடயம். அதை வைத்தியர் தீர்மானிக்கட்டும்.

போன மாதம் புதிதாக வந்த ஒரு தாதிப் பிள்ளை அதேபோன்ற புண்ணுக்கு முன்னால் கத்தியோடு நின்றாள். கையைப் பிடித்து நிறுத்தினேன். இன்னும் என்னோடு கோபம்.

கணைக்கால் முடிச்சுகள்

முழங்காலுக்குக் கீழே சிவந்து வலிக்கும் முடிச்சுகள், குடல் அழற்சியோடு வரக்கூடிய எரிதிமா நோடோசம் என்ற தோல் அழற்சியாக இருக்கலாம். உடையாது, பெரும்பாலும் குடல் அழற்சி அடங்க அதுவும் அடங்கும். காசநோயிலும் இது வரும். எனவே நெஞ்சுப் படம் பார்க்காமல் ஸ்டெரொய்டில் இறங்கக்கூடாது.

புண்ணில் மஞ்சள் பத்துப் போடுவது

வேண்டாம்.

வெயில்

எதிர்ப்பாற்றலை அடக்கும் அசாதயோபிறின் மருந்தை எடுப்பவர்களுக்குத் தோல் புற்றுநோய் அபாயம் கூடும். வெறும் மேலோடு நல்லூர் வீதியில் பிரதட்டை செய்ய வேண்டாம். நிழலில் நின்று கும்பிட்டால் முருகன் கோபிக்கமாட்டார்.

வயிற்றில் பை ஒட்டிய இடம்

மலம் பைக்குள் வெளியேற வயிற்றில் அமைத்த குடல்வாயைச் சுற்றி வரும் புண்ணெல்லாம் பசை ஒவ்வாமை அல்ல. ஊதா ஓரம் தெரிந்தால் பையை மெதுவாகக் கழற்றி, அன்றே வைத்தியருக்குக் காட்டுங்கள்.